மேல்கானூர் ஏரியில் விட்ட மீன்கள்

ஆரணி டவுன், கடைவீதிக்குப் பின்புறத் தெருவில் குடியிருக்கும் ஞானசந்திரன் மனைவி அமிர்தா, வயது 54, ஆகிய நான், ஜவ்வாது மலை மேல்கானூர் ஏரியில் வலை போட்டு மீன் பிடித்ததாக வேட்டைத் தடுப்புக் காவலர் வீரன் என்பவர் மீது பதிவாகியிருக்கும் வழக்கு சம்பந்தமாக, வனச்சரகர் திருமதி தமிழ்ச்செல்வி அவர்கள் முன்பாக நானே நேரில் வந்து சொல்ல, வனவர் பன்னீர்செல்வம் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

எனக்குச் சம்மன் வரவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டிருந்தால் வக்கீலைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று நாளைக் கடத்தியிருப்பேனோ என்னவோ, தெரியாது. நான் சொல்வதில் பேச்சாக வருவதைப் பேச்சாகவே எழுதும்படி வனவரைக் கேட்டுக்கொண்டேன். அவரும் சரி என்றார்.

நாங்கள் சமண மதத்தைச் சேர்ந்தவர்கள். ஊர்ப்பக்கம் எங்களை நயினார் வீடு என்பார்கள். எங்கள் சமணக் கோயில் இருக்கும் திருமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும், அதில் ஒரு கிணறும், கம்பி வேலிக் கதவு போட்ட சிமெண்ட் தொட்டியும் இருக்கின்றன. ஆரணியில் என் கணவர் ஞானசந்திரன் பட்டுச் சேலை வியாபாரம் செய்கிறார். நெசவாளர்களுக்கு நூலும் பாவும் கொடுத்துச் சேலையாக நெய்து வாங்கி விற்பது எங்கள் தொழில். வேறு தொழில் எங்களுக்குத் தெரியாது.

பட்டு நூல் எப்படி வருகிறது என்பது ஆரணியில் எல்லோருக்கும் தெரியும். புழு உள்ளே இருக்கும்போதே கூட்டை வெந்நீரில் போட்டால்தான் இழை அறுபடாமல் வரும். என் கணவர் பட்டு விற்பாரே தவிர உடுத்தமாட்டார். எங்கள் மகள் கல்யாணத்தில் அத்தனை பட்டுக்கும் நடுவில் அவர் ஒருவர் மட்டும் வெள்ளைப் பருத்தி வேட்டியோடு நின்றார். சம்பந்தி வீட்டார், பட்டுக்கடைக்காரருக்கே பட்டு கிடைக்கவில்லையா என்று கேலி செய்தார்கள். அவர் சிரித்து மழுப்பிவிட்டார். அந்தப் புழுக்களின் பாவம் தன்மேல் இருக்கிறது என்ற உறுத்தல் அவருக்கு எப்போதும் உண்டு. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். வடிகட்டிய துணியைத் திரும்பக் கிணற்றிலேயே அலசிவிடுவார், அதில் ஏதாவது உயிர் ஒட்டியிருந்தால் அதன் இடத்துக்கே போகட்டும் என்று. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த மனிதரைத் தெரியாமல் இந்த வழக்கு புரியாது.

அந்த உறுத்தலுக்காக ஒவ்வொரு மகாவீரர் ஜெயந்திக்கும் சாகப்போகிற உயிர்களை விலைக்கு வாங்கி விடுதலை செய்வது அவர் வழக்கம். முதலில் கூண்டுக் கிளிகளை வாங்கிப் பறக்கவிட்டார். அடுத்த வருடம் கிளிக்காரன் இரண்டு மடங்கு கூண்டோடு எங்கள் கடை வாசலிலேயே வந்து நின்றான். நீங்கள் வாங்குவதால்தான் அவன் பிடிக்கிறான் என்று நான் சத்தம் போட்டேன். அதன்பிறகு அவர் பறவைகளை விட்டுவிட்டு மீனுக்கு மாறினார். "வருசம் பூரா புழுவ வெந்நியில போட்டுட்டு, ஒரு நாளு மீன தண்ணியில வுட்டா சரியாப் பூடுமா?" என்று அப்போது நான் கிண்டல் செய்தேன். சரியாகாது, ஆனாலும் மனசு கேட்கவில்லை என்றார்.

மீன் மார்க்கெட்டுக்குள் அவரோ அவர் அப்பாவோ அவர் தாத்தாவோ அதுவரை காலை வைத்ததில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். அங்கே இருந்ததெல்லாம் ஐஸில் கிடந்த செத்த மீன்கள். ஒரே ஒரு வகை மட்டும் பிளாஸ்டிக் டிரம்மில் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. கறுப்பு நிறம், வாய் ஓரத்தில் மீசை. அவர் டிரம்மோடு வாங்கிக்கொண்டார். மீன் சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவராக இருந்தால் இது என்ன மீன், எங்கிருந்து வருகிறது, ஏன் இது மட்டும் சாகாமல் கிடக்கிறது என்று இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பார். எங்களுக்கு ஒரே கேள்விதான், உயிர் இருக்கிறதா இல்லையா என்பது. இருந்தது, வாங்கினோம். அது ஆப்பிரிக்கன் கெளுத்தி என்பதும், அதை வளர்க்கவும் விற்கவும் தடை இருக்கிறது என்பதும் இன்று வனச்சரகர் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து ஏரிகளெல்லாம் மீன் குத்தகைக்கு விடப்படுபவை. அதில் விட்டால் மறுவாரமே குத்தகைக்காரர் வலையில் ஏறிவிடும். அதனால் என் கணவர் மேல்கானூர் ஏரியைத் தேர்ந்தெடுத்தார். அது காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. மீன் பிடிக்கக் கூடாது, மீறினால் தண்டனை என்று வனத்துறை அங்கே போர்டு வைத்திருக்கிறது. அந்த போர்டைப் படித்துவிட்டு வந்து, ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர் போல அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. உலகத்திலேயே மீனுக்குப் பத்திரமான இடம் அதுதான் என்றார்.

அங்கே கேட்டில் காவல் இருந்தவர்தான் வீரன். அவர் மனைவி சின்னபொண்ணு எங்கள் வீட்டில் பல வருடமாகத் தார் சுற்றும் வேலை, அதாவது நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வேலை செய்கிறார். ஏரிக்கரையில் பச்சையம்மன் கோயில் இருப்பதால் சாமி கும்பிட வருகிறவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிடுவது அங்கே வழக்கம். எங்களுக்கும் அப்படித்தான் திறந்துவிட்டார். டிரம்மை ஈரச் சாக்கால் மூடியிருந்தோம். புண்ணியத்துக்கு மீன் விட வந்திருக்கிறோம் என்று என் கணவர் சொன்னதும், வீரன் தானே ஒரு கை கொடுத்து டிரம்மைத் தண்ணீர் ஓரம் வரை தூக்கி வந்தார். அவர் மீன் சாப்பிடுகிறவர்தானே, அவருக்குத் தெரிந்திருக்காதா என்று வனச்சரகர் கேட்டார். இதை நானும் பிறகு அவரிடம் கேட்டேன். "முதுவு மட்டுந்தாம்மா கண்ணுல பட்டுச்சு. நம்ம ஊரு கெளுத்தின்னு நெனச்சிகினேன்" என்றார். அதை நான் நம்புகிறேன். அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

அன்றைக்கு ஏரி எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று பக்கமும் காடு தண்ணீர் வரை இறங்கி நின்றது. எதிர்க் கரை மரங்களில் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. ஒரு சின்னப் பறவை குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தது. அதன் பெயர் முக்குளிப்பான் என்று வீரன்தான் சொன்னார். பேரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் அலைகிறவள் நான். அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கிளம்ப மனசில்லை. மீன்கள் டிரம்மை விட்டுப் போனபோது நானும் கைகூப்பினேன். நாங்கள் மூன்று பேருமே நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தோம். அதன்பிறகு வந்த வருடங்களிலும் அதே போல் மீன் விட்டோம்.

இந்த வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு வீரன் எங்கள் கடைக்கு வந்தார். கடையில் வியாபாரிகள் இருந்ததால் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு, "ஐயா, நீங்க வுட்ட மீனு குஞ்சுங்கள துன்னுதுங்க" என்றார். பெரிய மீன் சின்ன மீனைத் தின்பதைச் சொல்கிறார் என்று நினைத்து, அது அதன் இயற்கைதானே வீரா என்று என் கணவர் சமாதானம் சொன்னார். "மீன் குஞ்சு இல்லீங்க, பறவக் குஞ்சு. வந்து உங்க கண்ணால பாருங்க" என்றார் வீரன். மறுநாள் காலை நாங்கள் இருவரும் மலைக்குப் போனோம்.

கரையில் உட்கார்ந்து பார்த்தோம். முக்குளிப்பான் ஒன்று இரண்டு குஞ்சுகளோடு நாணல் ஓரத்திலிருந்து வெளியே வந்தது. தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. ஒரு குஞ்சைக் காணவில்லை. தாய்ப் பறவை அதே இடத்தில் முங்குவதும் எழுவதுமாக இருந்தது. இன்னொரு குஞ்சு அதன் பக்கத்தில் கத்திக்கொண்டே சுற்றியது. நான் எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். எதிர்க் கரை மரங்களில் இந்த வருடம் ஒரு கூடுகூட இல்லை. ஏரியில் பொடி மீனும் தவளையும் அற்றுப்போனதால் கொக்குகள் வருவதை நிறுத்திவிட்டன என்று வீரன் சொன்னார். என் கணவர் கரையை விட்டு எழவே இல்லை. வீரன்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்.

அதன்பிறகு கேட்டருகே நின்று பேசினோம். நடந்ததை அப்படியே வனச்சரகரிடம் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னேன். வீரன் தயங்கினார். "சொன்னா கேட்டத் தொறந்தது ஆருன்னு மொதல்ல கேப்பாங்கம்மா. நான் நிரந்தர ஆளு இல்ல, வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நின்னுக்க வேண்டியதுதான்" என்றார். என் கணவருக்கு வேறு பயம். "சொன்னா மொத்தத்தையும் சாவடிச்சுடுவாங்க வீரா. நீ உசுரோட புடிச்சிக் குடு, நான் தொட்டியில வெச்சிக் காப்பாத்தறேன். ஏரியும் பொழைக்கும், அதுங்களும் பொழைக்கும்" என்று கும்பிட்டார். வயதில் மூத்தவர் கும்பிட்டதும் வீரன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சரிங்க ஐயா, ஒன்னக்கூட சாவடிக்காம கொணாந்து குடுக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார். நான் இந்த ஏற்பாடு வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டு ஆண்களும் கேட்கவில்லை.

அந்த நாளிலிருந்து வீரன் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஏரியில் வலை போட்டு, நம் ஊர் மீன் ஏதாவது சிக்கினால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு, இந்தக் கெளுத்தியை மட்டும் உயிரோடு தண்ணீர் டிரம்மில் போட்டு, தன் மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு மலையிறங்கி வந்து எங்கள் நிலத்துத் தொட்டியில் விட்டுவந்தார். இதற்காக அவர் எங்களிடம் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. என் மருமகன் ஒருமுறை பெட்ரோலாவது போட்டு விடுகிறேன் என்றதற்கு, இது என்னாலும் வந்த வினைதான் என்று சொல்லிவிட்டார். பிடித்ததைக் கரையில் தூக்கி எறிந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். காக்கையும் கழுகும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், எவர் கண்ணிலும் பட்டிருக்காது, அவரும் இன்று கிளைச் சிறையில் இருக்கமாட்டார். கொல்லமாட்டேன் என்று எங்களுக்குச் சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான் அவர் அந்த டிரம்மைச் சுமந்தார்.

அதன்பிறகு ஒரு நாள் காலை, மலையடிவாரச் சோதனைச் சாவடியில் ரோந்துப் பணியில் இருந்தவர்கள் டிரம்மைத் திறந்து பார்த்து அவரைப் பிடித்தார்கள். யாருக்காக என்று கேட்டதற்கு, எனக்குத்தான், குழம்பு வைக்க என்று சொல்லியிருக்கிறார். அத்தனை மீனையும் வைத்து என்ன குழம்பு வைப்பாய், யாருக்கு விற்கிறாய் என்று கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. காவலுக்கு வைத்த ஆளே காப்புக்காட்டு மீனைத் திருடி விற்றான் என்று பேசிக்கொள்கிறார்கள். மான் வேட்டைக்கும் உடந்தையாக இருந்திருப்பான் என்றுகூட ஒரு பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. வேட்டைக்காரர்கள் வைத்த சுருக்குக் கம்பிகளைக் காட்டில் தேடித் தேடி அவிழ்க்கிறவர் அவர். அப்படி அவிழ்த்துக் கொண்டுவந்த துருக் கம்பியைத்தான் சின்னபொண்ணு தன் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடக் கட்டியிருக்கிறாள். வேண்டுமானால் யாராவது போய்ப் பார்க்கட்டும்.

அவரைப் பிடித்த அன்று மாலை சின்னபொண்ணு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை என்பதால் என் கணவர் வெளிச்சம் இருக்கும்போதே தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். நிலைப்படியில் நின்றபடி, "ஐயா, உங்க மீனுக்கு ஒன்னும் ஆவலியே?" என்று விசாரித்தாள். "எங்க வூட்டுக்காரு உள்ள குந்திகினு கீறாரு. உங்க மீனு தொட்டியில நீந்திகினு கீது. அது நல்லா இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். மறுநாள் காலை அவள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். ராட்டினத்தின் முன் உட்கார்ந்து தார் சுற்றினாள். நான் கொடுத்த காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தாள், அதே மாதிரி.

என் கணவர் இங்கே வந்து உண்மையைச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் போலீஸ், கோர்ட் பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். வியாபாரத்தில் பெயர் கெட்டுவிடும் என்ற பயமாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. உண்மையைச் சொன்னால் தொட்டியைக் காட்ட வேண்டும், தொட்டியைக் காட்டினால் மீன்களைக் கொன்றுவிடுவார்கள், அதுதான் அவரை வாயடைத்து வைத்திருந்தது. இது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. இத்தனை வருடத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசாதவள் இல்லை, ஆனால் நேற்றுப் பேசியதுபோல் என்றும் பேசியதில்லை. வீரனும் ஒரு உயிர்தானே, சின்னபொண்ணும் ஒரு உயிர்தானே, அவர்களுக்கு மீசை இல்லாததால் உங்கள் கணக்கில் வரவில்லையா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன். அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

இன்று காலை நான் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே எழுந்து வந்தார்.

"சொன்னா அதுங்கள சாவடிச்சுடுவாங்க இல்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"ஒன்னக்கூட வுட மாட்டாங்களா?"

"வுட மாட்டாங்க. வுடவும் கூடாது. மழ வந்து தொட்டி வழிஞ்சா ஓடையில பூந்துடும். ஓடையில பூந்தா இன்னொரு ஏரி."

"சொல்லலன்னா?"

"வீரன் உள்ளதான் கெடப்பாரு."

அவர் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பைக் குடிக்காமல் கீழே வைத்தார். உள்ளே போய் நிலத்துத் தொட்டிக் கதவின் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "நீயே சொல்லிடு அமிர்தா. எனக்கு வாய் வராது. ஆனா தொட்டியத் தொறக்கும்போது நான் அங்க நிக்கறேன். நான் பாக்காம அதுங்கள ஒன்னும் செய்ய வேணாம்னு கேட்டுக்கோ" என்றார். அதன்பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய் வண்டியில் உட்கார்ந்தார். இப்போது இந்த அலுவலகத்தின் வெளியே பெஞ்சில் இருக்கிறார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மேல்கானூர் ஏரியில் அந்த மீன்களை விட்டது என் கணவர் ஞானசந்திரன். கூட நின்றவள் நான். அவற்றை உயிரோடு பிடித்துத் தரச்சொன்னதும் என் கணவர்தான். வீரன் அவற்றை எவருக்கும் விற்கவில்லை, ஒன்றையும் தின்னவில்லை, எல்லாமே எங்கள் தொட்டியில் இருக்கின்றன. இதனால் என் கணவர் மீதும் என் மீதும் வழக்கு வரலாம் என்று வனச்சரகர் எச்சரித்தார். வரட்டும், சந்திக்கிறோம். கோடையில் ஏரித் தண்ணீர் இறங்கியதும் மிச்ச மீன்களை முழுவதுமாக எடுத்து அழிக்கப்போவதாகவும் சொன்னார். அதற்கு ஆள் வேண்டுமானால் எங்கள் வீட்டிலிருந்து ஆள் தருகிறோம். இவ்வளவும் சொன்னதற்குப் பதிலாக நாங்கள் கேட்பது, வீரனை வெளியே விட வேண்டும், அவர் வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அந்த ஏரியில் அடுத்த மழைக்குக் குஞ்சு பொரிக்கிற பறவைகளுக்குக் காவல் இருக்க அவரைவிட ஒருவர் கிடைக்கமாட்டார். இன்னொன்று, தொட்டியைத் திறக்கும்போது என் கணவர் பக்கத்தில் நிற்க அனுமதிக்க வேண்டும். அவர் தடுக்கமாட்டார், அதற்கு நான் பொறுப்பு. அழுவார். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

தொட்டிக் கதவின் சாவியை வனச்சரகர் அவர்களிடம் இப்போதே ஒப்படைக்கிறேன்.

நான் சொன்னதை வனவர் எழுதி, வரி வரியாக எனக்குப் படித்துக் காட்டினார். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, நடந்தது இதுதான் என்று அறிந்தே கீழே கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்) ஞா. அமிர்தா

என் முன்பாகச் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது. சாவி ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது.

(ஒப்பம்) வனச்சரகர்